முத்துத்தாய் பாடிய ஒப்பாரி

விளாங்குடியில், திண்டுக்கல் ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் மூன்றாவது தெருவில், நாகஜோதிக்குத் தெரியாமல் ஒரு வீட்டுக் குக்கரும் விசில் அடித்ததில்லை. யார் வீட்டில் கறி, யார் வீட்டில் சண்டை, யார் வீட்டுப் பெண்ணைப் பார்க்க எந்தக் காரில் ஆட்கள் வந்தார்கள், அந்தக் கார் சொந்தமா வாடகையா என்பது வரை அவளிடம் தகவல் உண்டு. தையல் மெஷினை வாசலைப் பார்த்துப் போட்டிருக்கிறாள். வெளிச்சத்துக்காக என்பாள். இருக்கட்டும்.

அவளிடம் ஒரே ஒரு பழக்கம்தான் சிக்கல். எதையும் "சொன்னாங்க" என்று சொல்லமாட்டாள், "பார்த்தேன்" என்பாள். நாலு வீடு தள்ளியிருக்கும் ஒச்சாயி வந்து ஒரு சேதியைச் சொல்லிவிட்டுப் போனால், அவள் குடித்த காபி டம்ளரைக் கழுவி வைப்பதற்குள் அது நாகஜோதி கண்ணால் பார்த்த சேதியாகிவிடும். பொய்க்காரி என்று அவளைச் சொல்லிவிட முடியாது. நாலு தரம் சொன்ன பிறகு அவளுக்கே அது கண்ணுக்குள் ஓடும், கட்டியிருந்த சேலையின் நிறம் உட்பட.

இந்தப் பழக்கம்தான் அவளை மதுரை மாவட்டக் கோர்ட்டில் நான்காம் சாட்சியாகக் கொண்டுபோய் நிறுத்தியது.

எதிர்வீட்டுச் சிவக்குமார், ஏசி மெக்கானிக், போன வருடம் ஆவணியில் ஒரு காலை மொட்டைமாடியிலிருந்து விழுந்து செத்துப் போனான். தண்ணீர்த் தொட்டி நிரம்பி வழிகிறதென்று மேலே ஏறியவன். கைப்பிடிச் சுவர் கட்டாத மாடி, பாசி பிடித்த தளம். வீட்டில் அப்போது இருந்தது அவன் பெண்டாட்டி முத்துத்தாய் மட்டும். மகள் பவதாரிணி பள்ளிக்கூடம் போயிருந்தாள். விழுந்ததைப் பார்த்தவர் யாருமில்லை. நாகஜோதிகூட அன்றைக்கென்று பார்த்துப் பரவை மார்க்கெட்டுக்குக் காய் வாங்கப் போய்விட்டாள். அந்த வருத்தம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு சிவக்குமாரின் அண்ணன் உக்கிரபாண்டி போலீசுக்குப் போனான். தம்பியைத் தள்ளிவிட்டதே முத்துத்தாய்தான் என்றான். முதல் நாள் புருசன் பெண்டாட்டிக்குள் சண்டை என்றான். சண்டை இல்லாத வீட்டை அந்தத் தெருவில் காட்டச் சொன்னால் காட்டமுடியாது. ஆனால் அவன் கையில் இன்னொன்று இருந்தது. பிணத்தின் மேல் விழுந்து அழும்போது முத்துத்தாய் தன் வாயாலேயே "நானே கொன்னேனே" என்று சொல்லியிருக்கிறாள். தெருவே கேட்டிருக்கிறது.

இன்ஸ்பெக்டர் வந்து விசாரித்தபோது தெரு மொத்தமும் நாகஜோதியைக் கைகாட்டியது.

"நெஞ்சுல அடிச்சு அடிச்சுச் சொன்னா சார், நானே கொன்னேனேன்னு. பக்கத்துலதான் இருந்தேன். பார்த்தேன்" என்றாள் நாகஜோதி. ஒரு அதிகாரி தன் பேச்சை எழுதிக்கொள்வது அவளுக்கு அதுதான் முதல் தடவை. கொஞ்சம் நிதானமாகவே சொன்னாள், எழுதுகிறவருக்கு வசதியாக.

முத்துத்தாய் மூன்று மாதம் ஜெயிலில் இருந்தாள். இப்போது ஜாமீனில் வந்து பரவையில் தம்பி வீட்டில் இருக்கிறாள். எதிர்வீடு பூட்டிக் கிடக்கிறது. வழக்கில் வேறு பெரிய சாட்சியம் இல்லை. டாக்டர், தள்ளினாலும் இப்படித்தான் அடிபடும், வழுக்கினாலும் இப்படித்தான் அடிபடும் என்று சொல்லிவிட்டார். எல்லாம் நாகஜோதியின் வாயில் நின்றது. தண்டனை ஆகிவிட்டால் பவதாரிணியையும் வீட்டையும் உக்கிரபாண்டி பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தான். வீட்டைக் கட்டாயம் பார்த்துக்கொள்வான்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் அரசு வக்கீல் இம்மானுவேல் நாகஜோதியைக் கூப்பிட்டு எதிரே உட்கார வைத்தார். தினமும் நாலு கட்டுக் காகிதத்தைப் படித்துப் படித்துக் கண்ணுக்குக் கீழே பை தொங்கும் மனிதர்.

"அம்மா, நாளைக்கு நீங்க பார்த்ததையும் உங்க காதால நேரா கேட்டதையும் மட்டும் சொல்லணும். அடுத்தவங்க சொல்லக் கேட்டதைச் சொல்லக் கூடாது. அது கேள்விச் சாட்சியம், செல்லாது."

"சரிங்கய்யா. அப்ப முத்துத்தாய் சொன்னதச் சொல்லச் சொல்றீகளே, அவளும் அடுத்தவதான?"

"அது செல்லும். குற்றம் சாட்டப்பட்டவங்க தன்னைப் பத்தித் தானே சொன்னது விதிவிலக்கு."

"சிவக்குமாரு ஏதாச்சும் சொல்லியிருந்தா?"

இம்மானுவேல் நிமிர்ந்தார். "சொன்னாரா?"

"இல்ல, சொல்லியிருந்தா."

"சாகப்போறவர் தன் சாவுக்குக் காரணம் இதுன்னு சொன்னா அதுவும் செல்லும். அதுவும் விதிவிலக்குதான். விழுந்த அந்த நிமிஷத்துல, அந்தப் பதட்டத்துல யாராச்சும் கத்துனதும் செல்லும்."

"ஒச்சாயி சொன்னது?"

"செல்லாது."

"செத்தவன் பேச்சு செல்லும், குத்துக்கல்லாட்டம் உசுரோட இருக்கவ பேச்சு செல்லாதாக்கும்?"

"உயிரோட இருக்கறவங்க நேர்ல வந்து சொல்லலாம்லம்மா. எதிர்த்தரப்பு குறுக்கே நாலு கேள்வி கேக்கலாம். செத்தவரை எங்க போய்க் கூப்பிடறது?"

"அப்ப ஒச்சாயி செத்துட்டா அவ சொன்னது செல்லுமா?"

"அவங்க எப்படிச் செத்தாங்கங்கிற வழக்குல... ஏன், அவங்களுக்கு உடம்புக்கு முடியலையா?"

"நல்லாத்தான் இருக்கா. நேத்துகூட ஆட்டுக்கறி எடுத்தா."

"அப்பச் செல்லாது" என்று கட்டை மூடினார் இம்மானுவேல். "அதெல்லாம் உங்களுக்கு வேண்டாம்மா. முத்துத்தாய் சொன்ன வார்த்தை எனக்கு அட்சரம் பிசகாம வேணும். வீட்டுல ஒரு தரம் சொல்லிப் பார்த்துட்டு வாங்க."

பஸ்ஸில் திரும்பும்போது நாகஜோதிக்குத் தலை கிறுகிறுத்தது. செத்தவன் சொன்னால் செல்லும். கெட்டவள் சொன்னால் செல்லும். பதறிப்போய்ச் சொன்னால் செல்லும். நல்லவிதமாக, நிதானமாக, தன் வீட்டு வாசலில் காபி குடித்துக்கொண்டு சொன்னால் மட்டும் செல்லாது. அப்படிப் பார்த்தால் அந்தத் தெருவில் அவள் இருபது வருடமாகச் சேர்த்து வைத்திருப்பதில் ஒன்றுகூடத் தேறாது போலிருந்தது.

மறுநாள் காலையில் தலைசீவிக்கொண்டே கண்ணாடிக்கு முன்னால் சொல்லிப் பார்த்தாள். "நானே கொன்னேனே." பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பது மாதிரி இருந்தது. மறுபடி சொன்னாள். ஒட்டவில்லை. லேசாக இழுத்துப் பார்த்தாள். இழுத்த உடனே, யாரோ பின்னாலிருந்து தள்ளியது போல அடுத்தடுத்த அடி தானாக வந்தது.

"தண்ணி வழியுதுன்னு தளத்துமேல ஏறுனீகளே,
என் தங்கமே, ஒங்கள நானே கொன்னேனே.
கூடவே வாராம கீழ நான் நின்னேனே,
என் குலசாமி, ஒங்கள நானே கொன்னேனே..."

வாசலில் சவரம் செய்துகொண்டிருந்த அவள் புருசன் நல்லகாமன், கண்டக்டர் வேலையில் ஓய்வு பெற்றவன், நாளுக்கு ஆறு வாக்கியத்துக்கு மேல் பேசாதவன், பாதி நுரையோடு எட்டிப் பார்த்தான்.

"என்ன, இன்னைக்கு எங்க ஆத்தாளுக்குத் திதியா?"

"இல்லையே. ஏன்?"

"அவளுக்குப் பாடுனதப் பாடுறியே."

"இது முத்துத்தாய் பாடுனது."

"நல்லாருக்கே. 'காப்பித்தண்ணி கேட்டீக, கலந்து தராம நானே கொன்னேனே'ன்னு எங்காத்தா தலைமாட்டுல நீதான பாடுன? எங்கக்காகூட ஒன்ன ஒரு மாதிரி பார்த்தா. ஆத்தாளுக்குத் தொண்ணூறு வயசு, அதனால தப்பிச்ச." சொல்லிவிட்டு மறு கன்னத்துக்குப் போய்விட்டான். அன்றைய கணக்கு முடிந்தது.

நாகஜோதியின் கையில் சீப்பு நின்றது.

அந்தப் பக்கத்து வழக்கம் தெரிந்தவர்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. சாவு வீட்டில் பெண்கள் தோளோடு தோள் கட்டி வட்டமாக உட்கார்ந்து அழுவார்கள். குரல் உள்ள ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து இழுப்பார்கள். எடுத்துக் கொடுக்கிறவள் தன் சொந்தக் கதையைப் பாடுவதில்லை. தாலி இழந்தவள் இடத்தில் தன்னை வைத்து "என் ராசா" என்பாள், பிள்ளையைப் பறிகொடுத்தவள் இடத்தில் வைத்து "நான் பெத்த தங்கமே" என்பாள். அந்தத் தெருவில் குரல் உள்ளவள் நாகஜோதி. எந்தச் சாவுக்கும் "நானே கொன்னேனே" வராமல் அவள் பாட்டு முடிந்ததில்லை. அது அவளுக்கு ஒரு பிடிமானம். அங்கே போய் மூச்சு வாங்குவாள்.

சிவக்குமார் சாவன்றைக்கும் அவள்தான் எடுத்துக் கொடுத்தாள். முத்துத்தாய் சுவரோரம் நட்டு வைத்த கம்பம் மாதிரி உட்கார்ந்திருந்தாள். அழுக வைங்கடி, அழுகாட்டிப் பித்துப் பிடிச்சுரும் என்று யாரோ சொன்னார்கள். அது வரைக்கும் நினைவிருந்தது. ஆனால் முத்துத்தாய் நெஞ்சில் அடித்துக்கொண்டு சொன்னதும் நினைவிருந்ததே? பச்சைச் சேலைகூட நினைவிருந்ததே?

சேலையைச் சுற்றிக்கொண்டு ஒச்சாயி வீட்டுக்கு ஓடினாள்.

"ஏத்தா ஒச்சாயி, முத்துத்தாய் பாடுனத நீ கேட்டியா?"

"கேக்காம? நான்தான மறுநா வந்து ஒனக்கே சொன்னேன்."

"ஒன் காதால கேட்டியான்னேன்."

"நான் எங்க உள்ள வந்தேன், எனக்குத்தான் அன்னைக்குக் கால் வீக்கமாச்சே. பூக்கார முனியாயி சொன்னா."

முனியாயி தெருமுனையில் கதம்பம் கட்டிக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நிற்காமலே சொன்னாள். "பந்தல்ல மாலையோட நின்னேன் மதினி. உள்ள இருந்து சத்தம் வந்துச்சு. என் தங்கமே, என் குலசாமி, ஒங்கள நானே கொன்னேனேன்னு. செத்த புருசனப் பார்த்துப் பொண்டாட்டியத் தவிர வேற எவ அப்படிச் சொல்லுவா? அடுத்த வீட்டுக்காரியா சொல்லுவா?"

"குரல் யாரு குரல்டி?"

"மேளச் சத்தத்துல குரல் எங்க தெரியுது? ஏன், நீ பக்கத்துலதான இருந்த? நீதான் பார்த்தேன்னு சொன்ன. அதனாலதான் நானும் போலீசுகிட்ட ஆமான்னேன்."

ஆக, நாகஜோதி பாடியதை முனியாயி முத்துத்தாய் பாடியதாகக் கேட்டு, ஒச்சாயியிடம் சொல்லி, ஒச்சாயி அதை நாகஜோதியிடமே கொண்டுவந்து கொடுத்துவிட்டு ஒரு காபியும் குடித்துவிட்டுப் போயிருக்கிறாள். தான் பெற்ற பிள்ளையைத் தெருப்பிள்ளை என்று நினைத்துப் போலீசில் ஒப்படைத்த கதையாகிவிட்டது.

கோர்ட்டு வராந்தாவில் இம்மானுவேலைப் பிடித்து, மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னாள். அவர் இரண்டு தடவை கேட்டார். மூன்றாம் தடவை கண்ணாடியைக் கழற்றினார்.

"சொன்னதை மாத்துனீங்கன்னா பிறழ் சாட்சின்னு அறிவிக்கச் சொல்லுவேன். பொய்ச் சாட்சின்னு உங்க மேலேயே வழக்கு வரலாம். யோசிச்சுக்குங்க."

"எதச் சொன்னா பொய்யி? அன்னைக்குச் சொன்னதா, இன்னைக்குச் சொல்லப் போறதா?"

அதற்குள் கோர்ட்டு டவாலி அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.

கூண்டில் ஏறிய பிறகுதான் முத்துத்தாயைப் பார்த்தாள். பின்சுவரோரம், கைகட்டி, ஆள் பாதியாக நின்றிருந்தாள். உக்கிரபாண்டி வெள்ளைச் சட்டையில் முன்வரிசையில் இருந்தான். நீதிபதி ஒரு பெண். முகத்தில் எதையும் படிக்க முடியவில்லை. நாகஜோதிக்கு அது ஒரு குறை.

"குற்றம் சாட்டப்பட்டவர் சாவு வீட்டில் என்ன சொன்னார்?" என்றார் இம்மானுவேல்.

"அவ ஒண்ணும் சொல்லலங்கய்யா. நான்தான் சொன்னேன்."

"நீங்க போலீஸ்ல சொன்னதைக் கேக்கல. அவர் என்ன சொன்னார்?"

"அதத்தான் சொல்றேன். நானே கொன்னேனேன்னு சொன்னது நானு."

உக்கிரபாண்டி எழுந்தே விட்டான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "யாரைக் கொன்றீர்கள்?"

"நான் யாரையும் கொல்லலம்மா. பாடுனேன்."

"பாடினீர்களா? என்ன பாடினீர்கள், சொல்லுங்கள்."

"சொல்ல வராதும்மா. பாடுனாத்தான் வரும்."

கோர்ட்டில் அதற்கு விதி இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் தெரியவில்லை போலும், யாரும் தடுக்கவில்லை. நாகஜோதி கண்ணை மூடினாள். தண்ணி வழியுதுன்னு தளத்துமேல ஏறுனீகளே. இரண்டாவது அடிக்கு டைப் அடிக்கிற பெண்மணி கையை நிறுத்தினார். நாலாவது அடியில், விவாகரத்து வழக்குக்காகக் கடைசி பெஞ்சில் காத்திருந்த ஒரு பெண் புருசனுக்குத் தெரியும்படியாகவே மூக்கைச் சிந்தினாள்.

இம்மானுவேல் பிறழ் சாட்சி என்று அறிவிக்கக் கேட்டு, அனுமதி வாங்கி, வேறு குரலில் ஆரம்பித்தார்.

"நீங்க பாடுனது உங்க புருஷனுக்கா?"

"அவரு நல்லாருக்காரு. முத்துத்தாய் இடத்துல நின்னு பாடுனேன்."

"அதாவது அவருக்காக, அவர் சார்பா."

"ஆமாங்க."

"கனம் நீதிபதி அவர்களே, ஒருவர் சார்பாகப் பேச உரிமை உள்ளவர் பேசினால் அது அவரே பேசியதாக ஆகும். அதுவும் விதிவிலக்குதான்."

நாகஜோதி நீதிபதியைத் திரும்பிப் பார்த்தாள். வாயைத் திறந்து ஒரு முடிச்சை அவிழ்த்தால் அது இன்னொரு கையில் போய்ச் சுற்றிக்கொள்கிறது.

"உங்களைப் பாடச் சொல்லி அவர் கேட்டுக்கொண்டாரா?" என்றார் நீதிபதி.

"யாரும்மா கேட்டு அழுகுறது? எளவு வீட்டுக்குப் போனா அழுகுறதுதான்."

"கேட்டுக்கொண்டு சும்மா இருந்தாரா, மறுத்தாரா?" என்றார் இம்மானுவேல். "தன் முன்னால் அப்படி ஒரு வார்த்தை வந்தபோது, இல்லைன்னு சொன்னாரா?"

"அவ அங்க இருந்தாத்தான? கண்ணு தொறந்தபடி இருந்துச்சு. ஆளு இல்ல."

"பார்த்தீங்களா?"

பார்த்தேன் என்ற வார்த்தை நாக்கின் நுனி வரைக்கும் வந்துவிட்டது. "நான் கண்ண மூடிக்கிட்டுத்தான்யா பாடுவேன்" என்றாள்.

"ஆக, அவர் மறுக்கவும் இல்லை, அழவும் இல்லை." இம்மானுவேல் ஒவ்வொரு சொல்லாக இறக்கி வைத்தார். "புருஷன் செத்துக் கிடக்கிறார். பெண்டாட்டி கண்ணிலிருந்து ஒரு சொட்டு இல்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் அழுதிருக்கிறார். சரிதானே?"

பின்சுவரோரம் முத்துத்தாய் தலையைக் குனிந்தாள். அழுதாலும் கொலைகாரி, அழாவிட்டாலும் கொலைகாரி. நாகஜோதிக்குத் தான் யாருக்குச் சாட்சி சொல்ல வந்தோம், எதைச் சொன்னால் எது செல்லும் என்பதெல்லாம் குழம்பிப் போய், கூண்டின் கட்டையை இறுகப் பிடித்துக்கொண்டாள். கோபம் மட்டும் தெளிவாக வந்தது.

"அழுக முடியாதவளுக்குத்தான்யா நாங்க அழுகுறது. அழுகத் தெம்பு இருக்கவளுக்கு எதுக்குய்யா நாப்பது பொம்பளைக?"

இம்மானுவேல் உட்கார்ந்தார். எதிர்த்தரப்பு வக்கீல் தமிழ்வாணி எழுந்து இரண்டே கேள்வி கேட்டாள்.

"இதே மாதிரி எத்தனை சாவுல பாடியிருக்கீங்கம்மா?"

"இருபது, இருபத்தஞ்சு இருக்கும்."

"எல்லாத்துலயும் 'நானே கொன்னேனே' வருமா?"

"வராம? எங்க மாமியாருக்குக்கூட அதான்."

"வேறு கேள்வி இல்லை" என்று தமிழ்வாணி உட்கார்ந்துவிட்டாள். நாகஜோதிக்கு அது பிடிக்கவே இல்லை. இன்னும் நாலு கேள்வி கேட்டிருந்தால் நன்றாக விளக்கியிருப்பாள்.

மூன்று வாரம் கழித்துத் தீர்ப்பு வந்தது. முப்பது பக்கமாம். நாகஜோதிக்குப் புரிந்தது ஒரு வரிதான்: முத்துத்தாய் விடுதலை. நாகஜோதி மேல் பொய்ச் சாட்சி வழக்கு எதுவும் வரவில்லை. ஆனால் அதற்குள் தெருவில் வேறொன்று கிளம்பிவிட்டது. பரவை மார்க்கெட்டிலிருந்து வந்த ஒச்சாயி பையைக்கூட இறக்காமல் கேட்டாள். "ஏத்தா, சிவக்குமாரக் கொன்னது நான்தான்னு நீ கோர்ட்டுல ஒத்துக்கிட்டியாமே? வெண்டைக்கா விக்கிறவ சொல்றா. நான் நம்பல. இருந்தாலும் கேக்குறேன்."

நாகஜோதி அன்றைக்கு ஒச்சாயிக்குக் காபி கொடுக்கவில்லை.

புதன்கிழமை எதிர்வீட்டுப் பூட்டு திறந்தது. முத்துத்தாயும் பவதாரிணியும் வந்திருந்தார்கள். பெண் உள்ளே கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருடத்துத் தூசி வாசல் வழியாகப் புகை மாதிரி வெளியே வந்தது. நாகஜோதி மெஷினில் உட்கார்ந்து தைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தாள். போவதா வேண்டாமா, போனால் என்னவென்று சொல்வது, ஜெயிலுக்கு அனுப்பியவளாகப் போவதா, வெளியே கொண்டுவந்தவளாகப் போவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. அவள் முடிவெடுப்பதற்குள் முத்துத்தாயே தெருவைக் கடந்து வந்து மெஷின் பக்கத்தில் நின்றாள்.

"மதினி, ஒண்ணு கேக்கணும்."

"கேளு தாயி." ஏச்சு விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"அன்னைக்கு நான் அழுதேனா?"

நாகஜோதி மிதிப்பதை நிறுத்தினாள்.

"எனக்கு ஒண்ணுமே நெனவில்ல மதினி. நான்தான் அப்படிச் சொன்னேன், சொன்னேன்னு எல்லாரும் சொல்லவும், சொல்லியிருப்பேன் போலன்னு ஜெயில்ல நானே நெனச்சிக்கிட்டேன். ஒருவேளை தள்ளியும் விட்டுட்டேனோன்னுகூட ஒரு ராத்திரி தோணிருச்சு. இப்ப கோர்ட்டுல, நான் அழுகவே இல்லன்னு எழுதிட்டாங்க. பதினாலு வருசம் கூட இருந்த மனுசன். அழுகாமயா இருந்தேன்? நீங்க பக்கத்துல இருந்தீங்களே."

நாகஜோதி எதிர்வீட்டு மாடியைப் பார்த்தாள். பின்பு முத்துத்தாயைப் பார்த்தாள்.

"அழுத தாயி. நான் பார்த்தேன்."

"எம்புட்டு நேரம்?"

"ரொம்ப நேரம். எடுக்கிற வரைக்கும்."

முத்துத்தாய் அங்கேயே வாசற்படியில் உட்கார்ந்தாள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பின்பு அதை எடுத்துவிட்டு, பயந்தபடி கேட்டாள்.

"என்ன சொல்லி அழுதேன் மதினி?"

நாகஜோதியிடம் வார்த்தைக்கு என்றைக்கும் பஞ்சம் வந்ததில்லை. வாய் திறந்தால் நாலு அடி வந்து வரிசையில் நிற்கும். அவள் ஒரு அடி யோசித்தாள், விட்டாள். இன்னொன்று யோசித்தாள், அதையும் விட்டாள்.

"ஒண்ணும் சொல்லல தாயி" என்றாள். "ஒரு வார்த்தைகூட இல்ல. சும்மா அழுத."